இயற்கைப் பொருள் எல்லாம் மரவட்டைக்கு ஆகுமா?

கடிதத்தின் சுருக்கம்

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். மகளுக்கு இரவு வேலை, மருமகன் லாரி ஓட்டுகிறார். பள்ளி விட்டு வரும் 11 வயதுப் பேரனைப் பார்த்துக்கொள்வது இவர்தான். பிப்ரவரி மழைக்குப் பிறகு பையன் வீட்டுக்குப் பின்னாலிருந்து மூன்று பெரிய கறுப்பு மரவட்டைகளையும் ஒரு நத்தையையும் எடுத்து வந்திருக்கிறான். மரவட்டையை இங்கே நாம் எல்லோரும் சொங்கொலோலோ என்றுதான் சொல்கிறோம். நான்கையும் ஒரே கண்ணாடித் தொட்டியில் விட்டு, வெள்ளெலிக்கு என்று கடையில் விற்ற பைன் மரச்சீவலை அடியில் பரப்பியிருக்கிறார்கள். ஏப்ரலில் ஒரு மரவட்டை இறந்துவிட்டது. உடம்பு தளர்ந்து நீண்டு கிடந்ததாம், வாடையும் வந்ததாம்.

பாட்டி சீவலை எடுத்துவிட்டு, கொல்லை மாமரத்தடி மண்ணை நான்கு விரற்கடை உயரத்துக்குப் போட்டிருக்கிறார். மீதி இரண்டில் ஒன்று அந்த மண்ணுக்குள் இறங்கி இரண்டு வாரமாக வெளியே வரவில்லை. தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறார். கடைச் சாமானே வேண்டாம், இயற்கையான பொருளாகப் போட விரும்புகிறேன் என்று ஒரு பட்டியலும் தந்திருக்கிறார்: பூசைத் தேங்காயின் நார், காய்ந்த வேப்பிலை, டொங்காட்டில் தம்பி வீட்டு மாட்டுச் சாணி, கரும்புச் சக்கை, கடல் மணல், கிருமி போக மஞ்சள் தூள், ஓட்டுக்கு வலு சேர்க்கக் கொஞ்சம் வெற்றிலைச் சுண்ணாம்பு. எல்லாவற்றையும் தூக்கி வெளியே போடு என்கிறாள் மகள். பேரன் அழுகிறான். இதற்கு நடுவில் அவனுடைய நண்பன் ஒருவன் பபூன் சிலந்தி (உடம்பெல்லாம் மயிர் நிறைந்த பெரிய சிலந்தி) ஒன்றை விலைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதை வாங்கலாமா, வாங்கினால் அடியில் என்ன போடுவது என்பது கடைசிக் கேள்வி.

பதில்

அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மண்ணுக்குள் போன மரவட்டையைத் தோண்டாதீர்கள். பேரனையும் தோண்ட விடாதீர்கள். மரவட்டை தோலுரிக்கும் காலத்தில் மண்ணுக்குள் ஒரு சின்ன அறை செய்துகொண்டு சுருண்டு படுத்துவிடும். பழைய தோல் கழன்றதும் உடம்பு வெளுத்து, பஞ்சு போல மெதுவாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு விரல் பட்டால்கூடக் காயமாகும், அறை இடிந்தாலும் ஆபத்து. கழற்றிய தோலையே தின்று, அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப உடம்பில் ஏற்றிக்கொள்ளும். பெரிய மரவட்டைகளுக்கு இது சில வாரங்கள் பிடிக்கும். இரண்டு வாரம் காணவில்லை என்பது பயப்படுவதற்குரிய காலம் இல்லை. மண்ணிலிருந்து அழுகல் வாடை வராதவரை உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்துபோனது உங்கள் கைக்குற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். மழைக்குப் பிறகு வெளியே நடமாடுகிற பெரிய மரவட்டைகளில் வயதானவையும் இருக்கும். அது எத்தனை வயதில் உங்கள் வீட்டுக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் மரச்சீவல் அதற்கு நல்லது செய்யவில்லை என்பதை மறைக்க மாட்டேன். பைன் மரத்தில் பிசினும், ஆவியாகிற எண்ணெயும் உண்டு. சூளையில் காயவைத்த சீவலில் அது குறையும், ஆனால் முழுவதும் போகாது. சீடர் மரச்சீவல் இன்னும் மோசம். துணி அலமாரியில் பூச்சி அண்டாமல் இருக்க வைக்கிற மரமே அதுதான்.

அதைவிடப் பெரிய குறை, சீவல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. மற்றப் பல பூச்சிகளுக்கு இருப்பதுபோல் உடம்பில் நீர் வற்றாமல் காக்கும் மெழுகுப் பூச்சு மரவட்டைக்குச் சரியாகக் கிடையாது. மூச்சுத் துளைகளையும் அதனால் மூடிக்கொள்ள முடியாது. உலர்ந்த சீவலில் அதன் உடம்பு நாளுக்கு நாள் வற்றும். கூடவே பட்டினியும் சேர்ந்திருக்கும். வெள்ளரித் துண்டும் கேரட்டும் போட்டேனே என்பீர்கள். அதெல்லாம் மரவட்டைக்குத் தொட்டுக்கொள்கிற மாதிரிதான், சோறு அதன் காலடியில் கிடக்கிற மக்கிய சருகும் உளுத்த மரமும். தொட்டிக்குள் நீங்கள் எதைப் பரப்புகிறீர்களோ அதைத்தான் அது தின்னப்போகிறது, அதிலிருந்துதான் ஈரம் எடுக்கப்போகிறது, அதற்குள்தான் தோலுரிக்கப்போகிறது. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இது நனைந்தால் என்ன ஆகும்? இதைத் தின்றால் என்ன ஆகும்?

உங்கள் பட்டியல்

வேப்பிலையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அதுதான். அரிசிப் பானையில் நம் வீட்டுப் பெரியவர்கள் காய்ந்த வேப்பிலை போட்டு வைப்பது எதற்கு? வண்டு வராமல் இருக்கத்தானே. வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிகளின் பசியைக் கெடுக்கும், தோலுரிப்பதையும் தடுக்கும். அரிசியைக் காப்பாற்றும் அதே குணம் தொட்டிக்குள் இருக்கும் உயிரைக் கொல்லும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டர்பனில் மாரியம்மன் பூசைக்கு வேப்பிலை கிடைக்காதபோது நம்மவர்கள் ஒடிக்கும் சிரிங்கா மரம், வேம்பின் நெருங்கிய உறவான மலைவேம்பு. அதன் இலையிலும் காயிலும் இதே வகை நச்சுப் பொருள்கள் உண்டு. காயைத் தின்றால் நாய்க்கும் குழந்தைக்கும்கூட ஆபத்து. அம்மனுக்கு உகந்த இலை உயிருக்குக் கெடுதல் செய்யாது என்று நீங்கள் நம்புவது எனக்குப் புரிகிறது. நமக்கு வேப்பிலை மருந்து, மரவட்டைக்கு நஞ்சு.

மஞ்சள் தூளும் வேண்டாம். அதுவும் பூச்சியை விரட்டுகிற பொருள். தவிர, மக்கிய இலையில் வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சணமும் இருந்தால்தான் மரவட்டைக்குச் சாப்பாடு செரிக்கும். தொட்டியை மருத்துவமனை போலக் கிருமி நீக்கி வைப்பது அதற்குப் பட்டினி போடுவது மாதிரி.

வெற்றிலைச் சுண்ணாம்பு நீற்றிய சுண்ணாம்பு. காரம் மிகுந்தது, ஈர உடம்பைப் பொசுக்கிவிடும். சுண்ணாம்புச் சத்து தேவை என்று நீங்கள் நினைத்தது மட்டும் மிகவும் சரி. அதைக் கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடாகவோ, கிளிக்கு விற்கும் கணவாய் ஓடாகவோ, தோட்டத்துக்கு விற்கும் சுண்ணாம்புக்கல் பொடியாகவோ கொடுங்கள். மூன்றும் கால்சியம் கார்பனேட், உடம்பைச் சுடாது. கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓடாக இருந்தால் சில நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்பைப் போக்குங்கள்.

சாணியைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். நன்றாக மக்கிப் பழசான சாணியை மரவட்டைகள் விரும்பித் தின்னும். அந்த வகையில் நீங்கள் சொன்னது தவறான யோசனை இல்லை. ஆனால் மாட்டுக்குப் புழு நீக்கவும் உண்ணி போக்கவும் ஐவர்மெக்டின் வகை மருந்து போடுகிறோம். அந்த மருந்தின் பெரும்பகுதி சாணி வழியாகத்தான் வெளியேறுகிறது, அந்தச் சாணியில் வண்டுப் புழுக்கள் செத்துப்போகின்றன. உங்கள் தம்பி மாட்டுக்கு எப்போது, என்ன மருந்து போட்டார் என்று தேதியோடு சொல்ல முடிந்தால் ஒழிய, அந்தச் சாணி தொட்டிக்குள் வரக்கூடாது.

கரும்புச் சக்கையில் மிச்சமிருக்கும் சர்க்கரை நனைந்ததும் புளிக்கும், சூடேறும், பூசணம் பிடிக்கும். கடல் மணலில் உப்பு, தின்னவும் ஒன்றும் இல்லை. இரண்டையும் விட்டுவிடலாம்.

தேங்காய் நார் நல்ல பொருள்தான். ஈரம் பிடிக்கும், எளிதில் அழுகாது, வாசனை எண்ணெய் எதுவும் கிடையாது. ஆனால் பூசைத் தேங்காயின் குடுமி நார் வேண்டாம். அதில் மஞ்சளும் குங்குமமும் கற்பூரப் புகையும் பட்டிருக்கும், நீள நார் இழைகள் கால்களில் சுற்றிக்கொள்ளவும் செய்யும். செடிக்கடையில் செங்கல் போல அமுக்கி விற்கும் நார்த்தூளை வாங்குங்கள். 650 கிராம் கட்டி ஒன்றை ஊறவைத்தால் எட்டு ஒன்பது லிட்டர் தூள் கிடைக்கும். உரம் சேர்த்தது என்று உறையில் எழுதியிருந்தால் அதைத் தொடாதீர்கள். முதல் முறை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஒருமுறை அலசுங்கள், சில கட்டிகளில் உப்பு இருக்கும். இந்த நார்த்தூளில் மரவட்டைக்குச் சத்து எதுவும் கிடையாது. இதை மட்டும் போட்டு வளர்த்தால் வயிறு நிறைந்தும் பட்டினியாகவே இருக்கும். கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பீட் மண்ணையும், அதாவது சதுப்பில் செடிகள் பாதி மக்கிச் சேரும் மண்ணையும், எடுத்துக் காட்டுவார்கள். அதில் புளிப்புத் தன்மை அதிகம், நத்தை ஓட்டை அரித்துவிடும். எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பீட் நிலங்கள் மிகக் குறைவாக உள்ள நாடு இது. நம் மாகாணத்தின் வடக்கே இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவில் இருக்கும் ம்ஃபபேனி சதுப்பில் அந்த மண் சேரத் தொடங்கி சுமார் 45,000 ஆண்டுகள் ஆகின்றன. அப்படி ஊறிச் சேர்ந்த மண்ணைத் தோண்டி ஒரு தொட்டிக்குப் போட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நல்ல கலவை

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். மரவட்டையின் நீளம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு ஆழம் மண் வேண்டும். உங்களிடம் உள்ளவை 15 செ.மீ. என்றால் மண்ணும் 15 செ.மீ. இருக்கட்டும். அதற்கு 27 லிட்டர் கலவை தேவைப்படும். நொறுக்கிய சருகு 12 லிட்டர், உளுத்த மரம் 6 லிட்டர், நார்த்தூள் ஒரு கட்டி, கூடவே இரண்டு கைப்பிடி முட்டை ஓட்டுப் பொடி. கணக்கு முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை, சருகுதான் அதிகமாக இருக்க வேண்டும்.

சருகு என்றால் மரத்திலிருந்து பறித்த பச்சை இலை இல்லை. தானாக உதிர்ந்து, பழுப்பேறி, கையில் நொறுங்குவது. ஓக் மரம் பழைய தோட்டங்களில் இருக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உறவினர் இருந்தால் ஒரு பை கேட்டு வாங்குங்கள், அதைவிட நல்லது இல்லை. டர்பனிலேயே அத்திக் குடும்பத்து மரங்களின் சருகு, வாதாம் மரச் சருகு, கொய்யாச் சருகு கிடைக்கும். மாஞ்சருகு தடித்தது, மக்க நாளாகும். மேலே மூடாக்காகப் போடலாம், அதையே நம்பியிருக்க வேண்டாம். அரளி, கோயில் வாசலில் நிற்கும் பால் வடியும் அரளிப்பூ மரம், யூகலிப்டஸ், பைன், கற்பூர மரம், டம்போட்டி, லன்டானா ஆகியவற்றின் இலையோ கட்டையோ எதுவும் உள்ளே வரக்கூடாது. கசக்கினால் மூக்கில் ஏறுகிற வாசனையோ, ஒடித்தால் பாலோ வருகிற மரத்தை ஒதுக்கிவிடுவது என்று வைத்துக்கொண்டால் பேரனுக்கு ஞாபகம் இருக்கும். அத்தி மட்டும் அதற்கு விலக்கு. அது பால் வடித்தாலும் காய்ந்து உதிர்ந்த சருகு நல்லதே.

உளுத்த மரம் என்பது வெள்ளையாகி, விரலால் பிட்டால் உதிர்கிற அளவுக்கு மக்கியது. பெயின்ட் அடித்த பலகை, கரையான் மருந்து ஊறிய வேலிக்கம்பம், ஒட்டுப்பலகை எதுவும் கூடாது. இவற்றையெல்லாம் எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். பக்கத்தில் இருக்கிறதே என்று சில்வர்க்ளென் காப்பகத்தில் போய்ச் சருகு அள்ளாதீர்கள். காப்பகத்துக்குள் இலையையும் கட்டையையும் எடுக்க அனுமதி இல்லை. சாலையோரச் சருகில் வண்டிப் புகையும் எலிச் சிறுநீரும் இருக்கும். மருந்து அடிக்காத வீட்டுத் தோட்டம்தான் சிறந்த இடம். அள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: நத்தைக்கு மருந்து வில்லை போட்டீர்களா, எறும்புக்கோ கரையானுக்கோ ஏதாவது ஊற்றினீர்களா, புல்லுக்கு மருந்து அடித்தீர்களா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சில மருந்துகள் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். மாமரத்தடியில் எதுவும் போட்டதில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் இப்போது தொட்டியில் இருக்கும் மண்ணைப் பற்றிக் கவலை இல்லை.

சருகை ஒரு பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பூரான், எறும்பு, சிலந்தி முட்டைகள் பெரும்பாலும் போய்விடும், நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களில் பல பிழைத்துக்கொள்ளும். கட்டைமீது கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஆறவிடுங்கள். ஓவன் அடுப்பில் வைத்து வறுக்கச் சொல்வார்கள், சிலந்திக்கும் தேளுக்கும் போடும் மண்ணுக்கு அது சரி, மரவட்டையின் சாப்பாட்டுக்குச் சரிப்படாது. மைக்ரோவேவில் மட்டும் காய்ந்த சருகை வைக்கவே கூடாது, தீப்பிடித்துவிடும்.

எல்லாவற்றையும் நனைத்துக் கலந்து, மூடிய வாளியில் பத்துப் பதினைந்து நாள் வையுங்கள். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்றுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் தண்ணீர் வடியக்கூடாது. கையை உள்ளே விட்டால் சூடு தெரியக்கூடாது. மழை பெய்த காட்டு மண் வாசனை வந்தால் கலவை தயார். புளித்த வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் ஈரம் கூடிவிட்டது, வெளியே பரப்பி ஆறவிட்டு மறுபடி பாருங்கள். தொட்டியில் போட்ட பிறகு ஆங்காங்கே வெள்ளைப் பூசணம் படர்ந்தால் பயப்படாதீர்கள், மரவட்டை அதையும் தின்னும். ஸ்பிரிங்டெயில் என்ற பொடிப்பொடி வெள்ளைப் பூச்சிகள் குதித்தால் சந்தோஷப்படுங்கள், பூசணத்தைக் கட்டுக்குள் வைப்பது அவைதான்.

இப்போது தொட்டியில் என்ன செய்வது

தோலுரிக்கப் போனது உள்ளே இருக்கும்வரை மண்ணைக் கொட்டி மாற்றாதீர்கள். மேலே இரண்டு விரல் உயரம் ஊறவைத்த சருகைப் பரப்பி, ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருங்கள். மற்ற மூலை கொஞ்சம் உலர்வாக இருக்கட்டும், எங்கே இருப்பது என்பதை மரவட்டையே முடிவு செய்துகொள்ளும். உள்ளே இருப்பது வெளியே வந்து, நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டு நடமாடிய பிறகு புதிய கலவைக்கு மாற்றுங்கள். பழைய மண்ணில் ஒரு பங்கைப் புதியதோடு கலந்துவிடுங்கள், அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் புதிய சருகை மக்க வைக்கும். அதற்குப் பிறகு மாதாமாதம் மாற்ற வேண்டியது இல்லை. மரவட்டை தன் எச்சத்தையே மறுபடி தின்னும். மண் முழுவதும் மிளகு போன்ற உருண்டை எச்சமாக மாறிவிட்டால் பாதியை மாற்றுங்கள், அவ்வளவுதான்.

தொட்டி பூசை அறைக்கு வெளியே நடையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள். கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, ராத்திரி கொளுத்தும் கொசுவர்த்தி எல்லாமே மூடிய தொட்டிக்குள் புகுந்து தங்கும். நல்ல மண்ணைப் போட்டுவிட்டு மேலே புகை விட்டால் நாம் பட்ட பாடு வீண். கரப்பான் மருந்து அடிக்கிற அறையிலும் வைக்கக்கூடாது. குளிருக்குச் சூடு வைப்பதாக இருந்தால் சூட்டுத் தகட்டைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். அடியில் வைத்தால் மண் கீழிருந்து காய்ந்து, தோலுரிக்கும் அறையையே உலர்த்திவிடும்.

நத்தையை இன்றே பிரித்துவிடுங்கள். அதற்கு இன்னும் கூடுதல் ஈரம் வேண்டும், அதன் கோழை மரவட்டைக்கு ஆகாது. உடம்பு புதைகிற அளவு நார்த்தூளும் சுத்தமான தோட்ட மண்ணும் சேர்த்துப் போட்டு, சுண்ணாம்புக்கல் பொடியை நன்றாகக் கலந்து, ஒரு கணவாய் ஓட்டையும் எப்போதும் உள்ளே வையுங்கள். கூரான கல், சரளை எதுவும் வேண்டாம், சுவரிலிருந்து விழுந்தால் ஓடு உடையும். உப்பு பட்ட பொருள் எதுவாக இருந்தாலும் நத்தைக்கு ஆபத்து.

பேரன் விஷயம். காட்டு நத்தைகளில் எலியிடமிருந்து வரும் நுரையீரல் புழு இருக்கலாம். அது மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை உறைவரை பாதிக்கும். மரவட்டை பயந்தால் உடம்பிலிருந்து ஒரு மஞ்சள் திரவம் விடும். அது தோலைப் பழுப்பாக்கும், சில நாளில் தானே போய்விடும், ஆனால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழுவும்வரை கண்ணையோ வாயையோ தொடக்கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் தொடர்ந்து கழுவி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அவனுக்கு வீசிங் உண்டு என்று எழுதியிருப்பதால், காய்ந்த நார்த்தூளையும் சருகையும் அவன் நொறுக்க வேண்டாம். நனைத்த பிறகு கலக்கட்டும்.

விட்டுவிடுவதா, வளர்ப்பதா

மகள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைக் கோபமாகக் கேட்காதீர்கள். நம் கடலோரத்தில் திரியும் பெரிய கறுப்பு மரவட்டைகள் பல, டொரடோகோனஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றில் சில இனங்கள் தென்னாப்பிரிக்காவுக்கு வெளியே எங்கும் கிடையாது, அழிந்துபோகக்கூடும் என்று ஐ.யு.சி.என் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இடம்பெற்றவையும் உண்டு. கொல்லையில் கிடைத்தது என்பதால் எண்ணிக்கையில் குறைவில்லாதது என்று சொல்ல முடியாது. மேற்கொண்டு காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பதில் பேரனிடம் உறுதியாக இருங்கள். காட்டு உயிர்களைப் பிடித்து வைக்க உரிமம் தேவையா என்பதை மாகாணத்தின் காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மரவட்டையின் படத்தோடு ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

என் கருத்து, இரண்டையும் நத்தையையும் எடுத்த இடத்திலேயே திரும்ப விடலாம். ஆனால் இப்போது வேண்டாம். ஜூன், ஜூலையில் நம் பக்கம் மழை குறைவு, இரவு குளிரும். அதிலும் தோலுரித்துப் பலவீனமாக இருப்பதை வறண்ட மண்ணில் விடுவது கொல்வதற்குச் சமம். அக்டோபரில் மழை தொடங்கி மண் நனைந்த பிறகு, சாயங்கால நேரத்தில், அதே கொல்லையில், சருகு குவிந்த இடத்தில் விடுங்கள். இடைப்பட்ட காலத்தில் கடையில் வாங்கிய எந்தப் பூச்சியையும் இவற்றோடு சேர்க்கக்கூடாது. சேர்த்துவிட்டால் வெளியே விட முடியாது, அதன் நோயையும் உண்ணியையும் நாமே தோட்டத்தில் பரப்பியதாகிவிடும். விடும்வரை நான்கு மாதம் பேரனுக்கு அவற்றைக் கவனிக்க நேரம் இருக்கிறது. எந்தச் சருகு முதலில் தீர்கிறது என்று அவனையே ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கொல்லையில் மருந்து அடிக்காமல் ஒரு மூலையில் சருகையும் கட்டையையும் அவன் குவித்து வைத்தால், அவை தொட்டியை விட்டுப் போன பிறகும் அங்கே மழைக்கு மழை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பபூன் சிலந்தி

இதற்கு என் பதில், இப்போது வாங்காதீர்கள் என்பதுதான். பபூன் சிலந்திகளில் செரடோகைரஸ், ஹார்பாக்டிரா, டெரினோகைலஸ் என்ற மூன்று பேரினங்கள் முழுவதும், 2004ஆம் ஆண்டின் தேசியப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் 2007ல் வெளியான பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள் பட்டியலில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் அவற்றைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். பள்ளிக்கூடத்துப் பையன் கையில் இருக்கும் சிலந்தி காட்டிலிருந்து பிடித்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாங்கியது சின்னப் பையன் என்றாலும் அது இருப்பது உங்கள் வீட்டில், கேள்வி உங்களிடமும் மகளிடமும்தான் வரும்.

பேரனுக்குச் சிலந்தி ஆசை விடவில்லை என்றால், பட்டியலில் இல்லாத, வளர்ப்பில் பிறந்த ஒன்றைப் பெரியவர்கள் துணையோடு பிறகு வாங்கலாம். அதற்கு மரவட்டைக் கலவை உதவாது. சருகும் உளுத்த மரமும் சிலந்திக்குச் சாப்பாடு இல்லை, உண்ணியைத்தான் வரவழைக்கும். சுத்தமான மேல்மண்ணும் நார்த்தூளும் கலந்து, குழி தோண்டினால் இடியாத அளவுக்குக் கையால் அமுக்கி, லேசான ஈரத்தோடு ஆழமாகப் போட வேண்டும். மண்ணுக்கும் மூடிக்கும் இடையே அதிக உயரம் விடக்கூடாது. ஏறி விழுந்தால் வயிறு கிழிந்து இறந்துவிடலாம். விற்பவரிடம் இனத்தின் பெயரையும், எங்கே பிறந்தது என்பதையும், உரிமம் தேவைப்படும் இனம் என்றால் அதன் நகலையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அவரிடம் வாங்க வேண்டாம்.